நடுவயதில் துறை மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே துறையில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கேள்விகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். பணக் கணக்கைப் பற்றிய பதிலை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். ஆசை தீர்ந்து பாதியில் திரும்பியவர்களைவிடக் கைக்காசு தீர்ந்து திரும்பியவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

எனக்கு அலுத்துப்போனது வேலையா, அலுவலகமா? எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

ஒரே மாதிரி வலிக்கும் மூன்று வேறு கோளாறுகள் இவை: உடலும் மனமும் ஓய்ந்துபோவது, இடம் ஒத்துவராதது, வேலையே உள்ளுக்குள் செத்துப்போனது. முதலாவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் (ஐசிடி-11) நோய் என்று சொல்லாமல், வேலையிடம் சார்ந்த ஒரு நிலை என்று குறிக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: தீராத சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சல் படிவது, நம்மால் உருப்படியாக எதுவும் முடிவதில்லை என்ற எண்ணம். இதற்கு மருந்து ஓய்வும் வேலைப்பளுக் குறைப்பும்தான். இந்த நிலையில் துறை மாறினால் அதே சோர்வைப் புதிய இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

பிரித்தறிய இரண்டு வழிகள். ஒன்று, பத்து நாளாவது உண்மையான விடுப்பு. அலுவலக மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழு எதுவும் கிடையாது. திரும்பி வந்த முதல் வாரம் ஓரளவு இலகுவாக இருந்தால் தேவைப்பட்டது ஓய்வு. குறிப்பிட்ட ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ நினைத்தால் மட்டும் வயிற்றைப் பிசைந்தால் பிரச்சினை இடத்தில். அதே வேலையை வேறு நிறுவனத்தில் செய்து பாருங்கள்.

இரண்டாவது, மூன்று வாரக் குறிப்பேடு. ஒவ்வொரு வேலைநாள் மாலையும் ஐந்து நிமிடம், இரண்டே வரி: இன்று நேரம் போனது தெரியாமல் செய்த காரியம் எது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்த காரியம் எது. பதினைந்து நாளில் முப்பது வரி சேரும். பென்சிலை எடுத்து ஒத்தவற்றைச் சேர்த்து வட்டம் போடுங்கள். முதல் வகையில் எழுத எதுவுமே கிடைக்காத நாட்கள் பாதிக்கு மேல் இருந்து, நல்ல மேலாளரும் நல்ல சம்பளமும் இருந்தும் அப்படியென்றால், துறையைப் பற்றி யோசிக்க நேரம் வந்துவிட்டது. ஆண்டு முடிவுக் கணக்கு, சம்பள உயர்வு அறிவிப்பு போன்ற வாரங்களில் இதை எழுதாதீர்கள். அப்போது எழுதுவது எல்லாம் கோபக் கணக்காகவே இருக்கும்.

நாற்பதுக்கு மேல் வரும் இந்த வெறுமை எல்லோருக்கும் உள்ளதுதானா?

எல்லோருக்கும் இல்லை, ஆனால் பலருக்கும் உண்டு. உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்கஸ் 1965-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'நடுவயது நெருக்கடி' என்ற சொல் பரவியது. பொருளியலாளர்கள் டேவிட் பிளாஞ்ச்பிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 72 நாடுகளின் தரவில் மனநிறைவு ஆங்கில 'யு' எழுத்தைப் போலக் கீழிறங்கி மேலேறுவதாகவும், அடிப்பகுதி பெரும்பாலும் நாற்பதுகளில் வருவதாகவும் காட்டினார்கள். இதை மறுத்து வாதிடுகிறவர்களும் உண்டு.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இப்போதைய பாரத்தில் ஒரு பங்கு வயதோடு வந்தது, வயதோடே போகக்கூடியது. முழுப் பழியையும் வேலையின் தலையில் போட வேண்டாம்.

இன்னொரு கோணமும் பயன்படும். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், நடுவயதின் முக்கியப் பணி அடுத்து வருகிறவர்களுக்காக எதையாவது வளர்த்துவிடுவது என்றார். உங்கள் குறிப்பேட்டில் நேரம் மறந்த வரிகளைத் திரும்பப் பாருங்கள். புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தது, குழம்பிக் கிடந்த முறையை ஒழுங்கு செய்து ஒப்படைத்தது போன்றவை அதில் அடிக்கடி வருகின்றனவா? வந்தால், தேடலின் திசை ஓரளவு தெரிந்துவிட்டது.

என் நோக்கம் என்னவென்று முதலில் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

வேண்டாம். இந்த இடத்தில்தான் பலர் இரண்டு, மூன்று ஆண்டுகள் தேங்கி நிற்கிறார்கள். உட்கார்ந்து யோசித்து நோக்கத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுவது என்ற வரிசை காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில் சின்னதாக ஒன்றைச் செய்து பார்த்து, அதில் மனம் ஒட்டியதைக் கவனித்து, அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, அப்படித்தான் நோக்கம் உருவாகிறது. இருபது ஆண்டு ஒரே வேலை பார்த்தவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த வேலைக்குள் இருக்கும் தன்னைப் பற்றித்தான். புதிய இடத்தில் தான் எப்படி இருப்போம் என்பதற்கு அவரிடம் தகவலே கிடையாது. யோசனையால் அந்தத் தகவல் வராது.

ஆகவே, 'எது என் நோக்கம்' என்ற கேள்வியை மூன்று 'செய்து பார்க்கலாம்' என்று மாற்றி எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றோடு நிறுத்தவும் வேண்டாம். ஒன்றே ஒன்று என்றால் அது சரிவராதபோது மொத்தமாக மனம் உடைந்துபோகும்.

வேலையில் இருந்துகொண்டே எப்படிச் செய்து பார்ப்பது?

10 மணி நேரம், 40 மணி நேரம், 120 மணி நேரம் என்று மூன்று படிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து மணி நேரத்தில் அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுங்கள். 'இந்த வேலை எப்படி?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். 'இதை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்?', 'என் வயதில் ஒருவர் வந்தால் முதலில் எங்கே இடறுவார்?' இந்த இரண்டையும் விடாமல் கேளுங்கள். மீதி நேரத்தில் அந்த வேலையின் மிகச் சிறிய உண்மையான துண்டு ஒன்றைச் செய்யுங்கள். பயிற்சியாளராக ஆசைப்படுபவர் நாற்பது நிமிட வகுப்பு ஒன்றைத் தயாரித்து ஐந்து பெரியவர்கள் முன் நடத்தலாம். எழுத விரும்புபவர், தனக்குப் பிடிக்காத தலைப்பில், வேறொருவர் சொன்ன தேதிக்குள் ஆயிரம் சொல் எழுதலாம்.

நாற்பது மணி நேரப் படியில் உங்களுக்குத் தெரியாத ஒருவருக்காக, கெடு தேதியோடு ஒரு வேலையை முடியுங்கள். பணம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. நண்பர்களுக்குச் செய்தால் கணக்கில் சேராது. அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

நூற்றிருபது மணி நேரப் படி, வாரம் பத்து மணி நேரம் என்று மூன்று மாதம். இதில் ஒருவராவது பணம் கொடுத்திருக்க வேண்டும். தொகை முக்கியமில்லை. ஒருவர் காசை எடுத்து நீட்டும் கணம் வரை அது பொழுதுபோக்கா தொழிலா என்று உங்களுக்கே தெரியாது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இனிக்கிற பகுதியை மட்டும் சோதிப்பது. மரவேலை பிடித்தவர் ஒரு மேசையைச் செய்து பார்த்து மகிழ்ந்துபோவார். விலை சொல்வது, அளவு தப்பி வெட்டிய பலகையின் நஷ்டத்தைத் தானே ஏற்பது, பாக்கிப் பணத்துக்கு மூன்றாவது முறை போன் செய்வது, இவற்றைச் செய்து பார்த்திருக்க மாட்டார். எந்தத் தொழிலிலும் சலிப்பான பகுதி எது என்று கேட்டு, அதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று: தொடங்கும் முன்பே 'எது நடந்தால் இதைக் கைவிடுவேன்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் மனசு அதற்கு வக்காலத்து வாங்கும்.

வெளிவேலை செய்ய இப்போதைய நிறுவனத்தின் ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்பதைப் பாருங்கள். வெளிவேலைத் தடை, உங்கள் படைப்புகளுக்கு நிறுவனம் உரிமை கோரும் விதி, வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்ற விதி, இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட வேண்டாம்.

எத்தனை மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும்?

'ஆறு மாதம்' என்று ஒரே விடையாகச் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் எண்ணை நீங்களே போடுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, மாதந்தோறும் வரும் தவிர்க்க முடியாத செலவுகளை மட்டும் கூட்டி, மாத சராசரியைக் கண்டுபிடியுங்கள். அது 100 என்று வைத்துக்கொள்வோம்.

சேமிப்பு 900. துணைவரின் வருமானம் மாதம் 40. அப்படியானால் மாதப் பற்றாக்குறை 60. 900-ஐ 60-ஆல் வகுத்தால் 15 மாதம். இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார்கள்.

இப்போது கழிப்போம். மருத்துவம் போன்ற அவசரத்துக்கு மூன்று மாத முழுச் செலவு, அதாவது 300, தொடக் கூடாத பணம். படிப்புக்கோ கருவிகளுக்கோ 150. மிச்சம் 450. அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுத் தவணை, கல்விக் கட்டணம், வாகனப் பழுது போன்றவை மாதக் கணக்கில் விடுபட்டிருக்கும்; அவற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10 வரும் என்று வைப்போம். பற்றாக்குறை 70 ஆகிறது. 450-ஐ 70-ஆல் வகுத்தால் ஆறரை மாதத்துக்கும் சற்றுக் குறைவு. பதினைந்து மாதம் என்று நினைத்தவருக்குக் கையில் இருப்பது பாதிகூட இல்லை.

தேவைப்படும் காலத்தையும் இதே கண்டிப்போடு போடுங்கள். வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்று தோன்றினால் ஒன்றரை மடங்கு, ஒன்பது மாதம். முதல் சம்பளம் கைக்கு வர இன்னொரு மாதம். பத்து மாதத்துக்கு 700 வேண்டும், 450 இருக்கிறது, 250 குறைகிறது. மாதம் 25 சேமிக்க முடிந்தால் இன்னும் பத்து மாதம் பழைய வேலையில் இருக்க வேண்டும். அந்தப் பத்து மாதம் வீணில்லை. மேலே சொன்ன மூன்று படிகளையும் செய்து முடிக்கச் சரியாக இருக்கும்.

ஏற்கெனவே இருக்கும் கடன் தவணை?

வேலையை விடுவதற்கு முன் வங்கியோடு பேசுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது, வட்டியை மறுபரிசீலனை செய்வது எல்லாம் சம்பளச் சான்று கையில் இருக்கும்போதுதான் எளிது. தனிப்பட்ட மருத்துவக் காப்பீட்டையும் வேலையை விடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். புதிய காப்பீடுகளில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பது வழக்கம். அந்தக் காலம் நிறுவனக் காப்பீடு இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும்.

புதிதாகப் பட்டம் படித்துத்தான் ஆக வேண்டுமா?

சட்டப்படி உரிமம் தேவைப்படும் வேலைகளில், மருத்துவப் பணிகள், வழக்கறிஞர் தொழில், பல இடங்களில் பள்ளி ஆசிரியர் பணி போன்றவற்றில், வேறு வழியில்லை. மற்றவற்றில் முதலில் எண்ணிப் பாருங்கள்: நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான 20 விளம்பரங்களை எடுத்து, கேட்கப்படும் ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு கோடு போடுங்கள். பதினைந்து விளம்பரங்களில் வருவது அவசியம். மூன்று, நான்கில் வருவது அலங்காரம். பல நேரம் கேட்கப்படுவது ஒரு மென்பொருளைக் கையாளும் திறமையும் செய்த வேலையின் மாதிரியுமாக இருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுப் பட்டம் வேண்டியதில்லை.

நீண்ட படிப்பில் சேரும் முன் அதே பாடத்தில் குறுகிய படிப்பு ஒன்றை முடித்துப் பாருங்கள். படிப்பை நடத்தும் நிறுவனத்திடம் 'போன அணியில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் இருவரிடம் பேசலாமா?' என்று கேளுங்கள். பேச விடாமல் விளம்பரக் காணொளி அனுப்பினால் அதுவே பதில். படிப்பு சிலருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் நிராகரிக்க மாட்டார்கள் அல்லவா.

எதிர்பாராத வாய்ப்பு என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் பாதி மறந்துபோன மனிதர்களிடமிருந்து. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் 'அவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்ட விவரம் இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது: நெருங்கிய நண்பர்கள் உங்களோடே சுற்றுகிறார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி வெளிவட்டத்தில் இருக்கிறது. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, லிங்க்டின் தளத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகளை அலசி, இதில் ஒரு திருத்தம் சொன்னது: முற்றிலும் அந்நியரைவிட, ஓரளவு அறிமுகமானவரே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார்.

செய்ய வேண்டியது இது. பழைய சக ஊழியர்கள், முன்னாள் வாடிக்கையாளர்கள், உடன் படித்தவர்கள், உங்களுக்குப் பொருள் விற்றவர்கள் என்று நாற்பது பெயர் எழுதுங்கள். கடந்த ஓராண்டில் பேசாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. வாரம் ஐந்து பேருக்கு எழுதினால் எட்டு வாரம். செய்தி இப்படிச் சிறியதாக இருக்கட்டும்:

'வணக்கம். எட்டு ஆண்டுக்கு முன் கிடங்குகளை இணைத்தபோது நாம் சேர்ந்து வேலை செய்தோம். இப்போது பணியாளர் பயிற்சித் துறைக்கு மாற முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. நீங்கள் அங்கே இருப்பதால் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விருப்பம். அடுத்த இரண்டு வாரத்துக்குள் இருபது நிமிடம் பேச இயலுமா?'

முதல் செய்தியிலேயே பயோடேட்டாவை இணைத்தால் காரியம் கெட்டது. அவர் உங்களுக்கு வேலை தர வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொண்டதாக உணர்வார், பதில் வராது. பேசி முடிக்கும்போது 'வேறு யார் இரண்டு பேரிடம் பேசினால் நல்லது?' என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதை என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். இந்தக் கடைசிப் படியை அநேகமாக யாரும் செய்வதில்லை. செய்கிறவர் நினைவில் நிற்கிறார், ஆறு மாதம் கழித்து ஒரு இடம் காலியாகும்போது அவர் பெயர்தான் முதலில் வரும்.

தற்செயலுக்கும் தயாரிப்பு உண்டு என்பதை ஒரு கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்கள். உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1999-ல் இதைத் 'திட்டமிட்ட தற்செயல்' என்றார்கள். அவர்கள் குறிப்பிட்ட ஐந்து திறன்கள்: தெரிந்துகொள்ளும் ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுப்பது, நன்மை நடக்கும் என்ற நம்பிக்கை, விளைவு தெரியாதபோதும் இறங்கிப் பார்ப்பது. நடுவயதில் அதிகம் தேய்ந்துபோயிருப்பது நான்காவதோ ஐந்தாவதோ அல்ல, முதலாவதுதான் என்பது எங்கள் கருத்து. பல ஆண்டுகள் விடை சொல்லியே பழகியவருக்குக் கேள்வி கேட்பது மறந்துபோகிறது.

ஒரே தாவலில் மாறுவதா, இரண்டு படியிலா?

முடிந்தால் இரண்டு படி. வேலைக்கு இரண்டு முகம்: என்ன செய்கிறீர்கள் என்பது ஒன்று, எந்தத் துறையில் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் இருபது ஆண்டு அனுபவத்தில் எடுத்துச் செல்ல எதுவும் மிஞ்சாது. உற்பத்தி நிறுவனத்தில் கணக்காளராக இருப்பவர் சுற்றுச்சூழல் திட்டங்களை நடத்த விரும்பினால், முதலில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் கணக்காளராகச் சேரலாம். ஓரிரு ஆண்டில் அந்த உலகத்தின் மொழியும் ஆட்களும் பழகிவிடும். பிறகு உள்ளுக்குள்ளேயே திட்டப் பணிக்கு நகரலாம். மெதுவான வழிதான், சம்பளம் அதிகம் விழாத வழியும்கூட.

வயது தடையாக இருக்காதா?

இருக்கும். இல்லை என்று சொல்வது ஏமாற்று. பல நாடுகளில் வயதைக் காரணம் காட்டி மறுப்பது சட்டவிரோதம், ஆனால் காரணத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அறிமுகம் வழியாகப் போவது விண்ணப்பக் குவியலில் போவதைவிட நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்கும் திறன் குறைந்துவிடுமோ என்ற பயத்துக்கு, அறிவுத்திறனை இரண்டு வகையாகப் பிரித்த உளவியலாளர் ரேமண்ட் கேட்டலின் கருத்து உதவும். புதுப் புதிரை வேகமாக அவிழ்க்கும் திறன் இளமையிலேயே இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம், சேர்த்துவைத்த அறிவு, அதைப் பொருத்திப் பார்க்கும் திறன் ஆகியவை நடுவயதைத் தாண்டியும் நிலைக்கின்றன. ஆகவே வேகத்தில் இளையவரோடு போட்டியிடும் வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிதானமும் தீர்ப்பும் வேண்டிய வேலையைப் பாருங்கள்.

நேர்காணலில் 'உங்கள் அனுபவம் இந்த வேலைக்கு மிகவும் அதிகமாயிற்றே' என்பார்கள். அதன் உள்ளர்த்தம் மூன்று: சீக்கிரம் போய்விடுவீர்களா, அதிகச் சம்பளம் கேட்பீர்களா, இளைய மேலாளர் சொல்வதைக் கேட்பீர்களா. மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பதில் சொல்லுங்கள். 'இந்த வேலையை ஆறு மாதம் பகுதி நேரமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சம்பள வரம்பு தெரியும், அதற்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். இந்தத் துறையில் நான் புதியவன். சொல்லிக்கொடுப்பவரின் வயது எனக்குப் பொருட்டில்லை.' சொன்ன பிறகு நிறுத்திவிடுங்கள். விளக்கிக்கொண்டே போனால் சந்தேகம் கூடும்.

பயோடேட்டாவை எப்படி மாற்றி எழுதுவது?

பதவிப் பெயர்களைக் குறையுங்கள், வினைச்சொற்களைக் கூட்டுங்கள். கடந்த ஆண்டுகளிலிருந்து பத்துச் சம்பவங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், எண்ணால் சொல்லக்கூடிய விளைவு என்ன. போகும் துறைக்குப் பொருந்துகிற நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'கிடங்கு மேலாளர், 18 ஆண்டு அனுபவம்' என்பது பயிற்சித் துறையில் இருப்பவருக்கு எதையும் சொல்லாது. 'மூன்று கிடங்குகளை இணைத்தபோது 11 பேருக்கு ஆறு வாரத்தில் புதிய முறையைக் கற்றுக்கொடுத்தேன். சரக்குக் கணக்குப் பிழைகள் பாதியாகக் குறைந்தன' என்பது அவருடைய மொழி.

கடைசிப் பத்து, பதினைந்து ஆண்டு போதும். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பழைய துறையின் சுருக்கெழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நிறுத்திக் கேட்கும் இடம் எல்லாம் மாற்ற வேண்டிய இடம்.

சம்பளம் குறையும் என்றால் எவ்வளவு வரை ஏற்கலாம்?

உங்கள் தவிர்க்க முடியாத செலவுக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேல் எல்லாம் பேரம். சேரும்போதே 'ஆறு மாதத்தில் இந்த இந்த வேலைகளைத் தனியாகச் செய்தால் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும்' என்ற வரியை வேலை ஒப்பந்தக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால், பேசியவர் வேறு பிரிவுக்குப் போன நாளோடு அது முடிந்தது.

வீட்டில் எதிர்க்கிறார்கள். என்ன செய்வது?

எதிர்ப்பு பெரும்பாலும் உங்கள் ஆசையின் மேல் இருக்காது, எல்லை தெரியாத செலவின் மேல் இருக்கும். ஆகவே கனவை விளக்குவதை நிறுத்திவிட்டு ஒரே தாளில் மூன்று விஷயம் எழுதிக் காட்டுங்கள்: மேலே போட்ட பணக் கணக்கு, தொடக் கூடாத பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் எது நடந்திருக்காவிட்டால் பழைய துறையிலேயே வேலை தேடுவீர்கள். மூன்றாவதுதான் மனதை மாற்றும். அந்தத் தேதி வந்த பிறகு 'இன்னும் ரெண்டே மாசம்' என்று இழுத்தால், அடுத்த முறை எந்தத் தாளும் செல்லாது.

சொந்தத் தொழில் தொடங்க இது தாமதமான வயதா?

வயது பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் பியர் அசூலேயும் சக ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புதிய நிறுவனங்களின் நிறுவனர்களுடைய சராசரி வயது, தொடங்கும்போது 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்திருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இந்தப் பின்பாதியைப் பலரும் படிப்பதில்லை. தெரிந்த துறையில் தொழில் தொடங்க 45 நல்ல வயது. அறியாத துறையில், சேமிப்பு முழுவதையும் போட்டு, கடை வாடகைக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதுவது எந்த வயதிலும் ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள்.

புதிய இடத்தில் முதல் ஆண்டு எப்படி இருக்கும்?

முதல் இரண்டு மாதம் உற்சாகம். மூன்றிலிருந்து எட்டு மாதம் வரை பள்ளம். பழைய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த அளவு வேலையை இங்கே நாள் முழுக்கச் செய்வீர்கள்; உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் திருத்துவார். 'தப்பு பண்ணிட்டோமோ' என்ற எண்ணம் இந்தக் காலத்தில் வந்தால், அது தவறான முடிவுக்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்கிறவருக்கு வரும் வழக்கமான காய்ச்சலாகவும் இருக்கலாம். பழைய குறிப்பேட்டைத் திரும்ப எடுங்கள். களைப்பாக இருந்தாலும் நேரம் மறந்த வரிகள் வந்துகொண்டிருந்தால் இருங்கள். பத்து மாதத்துக்குப் பிறகும் ஒரு வரிகூட வராவிட்டால் மறுபடி யோசியுங்கள்.

'எங்க பழைய ஆபீஸ்ல இப்படித்தான் செய்வோம்' என்ற வாக்கியத்தை ஆறு மாதத்துக்குப் பூட்டி வையுங்கள். யோசனை நல்லதாக இருந்தாலும் அந்தத் தொடக்கமே அதைக் கொன்றுவிடும். 'இப்படிச் செய்து பார்த்தால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள்.

பதவி போனதும் 'நீங்க என்ன பண்றீங்க?' என்ற கேள்விக்கு வாய் அடைத்துப்போவது பலருக்கும் நேரும். ஒரு வாக்கியம் தயார் செய்து வையுங்கள். பழையதற்கு மன்னிப்புக் கேட்காமல், புதியதைப் பெரிதாக்காமல். 'பதினெட்டு வருஷம் கிடங்கு நிர்வாகம், இப்ப ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கத்துக்கிட்டிருக்கேன்.' அவ்வளவு போதும்.

மாறாமலே புதிய அர்த்தம் கிடைக்க வழி உண்டா?

உண்டு, அதை முதலில் முயல்வதில் இழப்பும் இல்லை. ஆய்வாளர்கள் எமி ரெஸ்னிவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிய பகுதி பிரபலம். ஒரே வேலை, ஒரே ஊதியம். சிலர் தங்களை நோயாளியைத் தேற்றும் குழுவில் ஒருவராகக் கண்டு, அதற்கேற்ப வேலையின் எல்லையையும் பழகும் மனிதர்களையும் தாங்களே மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் செய்யக்கூடியது: வாரத்தில் நான்கு மணி நேரத்தை உங்களுக்குப் பிடித்த வேலைக்கு மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்பது. புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு, ஒரு வழிமுறையைத் திருத்தி எழுதும் பொறுப்பு போன்றவற்றைப் பெரும்பாலும் யாரும் விரும்பி எடுப்பதில்லை, ஆகவே கேட்டால் கிடைக்கும். மூன்று மாதம் பாருங்கள்.

பிழைப்புக்கு ஒரு வேலை, மனதுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொள்வதும் கௌரவமான ஏற்பாடுதான். வேலையிலேயே எல்லாம் கிடைத்தாக வேண்டும் என்று விதியில்லை.

ராஜினாமாவை எந்தத் தேதியில் கொடுப்பது?

நாட்காட்டியில் குறியுங்கள்: ஆண்டு ஊக்கத்தொகை வரும் நாள், பணிக்கொடைக்கு உரிய சேவைக்காலம் முடியும் நாள், நிறுவனப் பங்குகள் உரிமையாகும் நாள், மீதமுள்ள விடுப்புக்குப் பணம் கிடைக்கும் விதி. சில வாரம் முந்திப்போய்ப் பெருந்தொகையை இழந்தவர்கள் உண்டு. ஊக்கத்தொகை கணக்கில் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம். கோபத்தில் கடிதம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அனுப்புவது மட்டும் அந்தத் தேதிக்குப் பிறகு.

சரிவரவில்லை என்றால் பழைய துறைக்குத் திரும்ப முடியுமா?

பொதுவாக முடியும், இடைவெளி நீளாதவரை. அதற்கான ஏற்பாடு கிளம்பும்போதே தொடங்குகிறது. கடைசி நான்கு வாரத்தில் பொறுப்புகளை எழுத்தில் ஒப்படையுங்கள், யார் எதைக் கேட்டால் எங்கே தேடுவது என்பது உட்பட. துறைசார்ந்த உரிமம் இருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பழைய சகாக்களில் ஐந்து பேரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசுங்கள். திரும்பும் நிலை வந்தால் நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன் அந்த ஐவரில் ஒருவரிடம் நேராகச் சொல்லுங்கள்: 'போய்ப் பார்த்தேன், இதைக் கத்துக்கிட்டேன், இது எனக்குச் சரிவரலை, இப்ப இடம் தேடுறேன்.' நேர்காணலிலும் இதே வாக்கியம்தான். காரணமாகப் புதிய துறையையோ அங்கிருந்த மனிதர்களையோ திட்ட வேண்டாம். கற்றுக்கொண்டதில் பழைய வேலைக்குப் பயன்படும் ஒன்றை மட்டும் உதாரணத்தோடு சொல்லுங்கள்.